பீய்ச்சிய பாலா, பவுடர் பாலா?

கடலூர் முதுநகரில் தங்கை பிள்ளை பெற்று வந்திருந்தபோது, "பால் பத்தல, டப்பா வாங்கு" என்று வீடே சொன்னது. பத்துகிறதா என்பதைக் குழந்தையே காட்டிவிடும். முதல் வாரம் கடந்தபின் ஒரு நாளைக்கு 6 தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் கவலை வேண்டாம்.

சரி, கூடுதலாக வேண்டும் என்று மருத்துவரே சொன்னால்? முதலில் பீய்ச்சி எடுத்த தாய்ப்பால்தான் என்பேன். எடுக்க எடுக்கத்தான் ஊறும். ஃப்ரிட்ஜின் உட்பக்கத்தில் 4 நாள் தாங்கும். வெளியே 25 டிகிரி வரை 4 மணி நேரம் என்பார்கள். நம் கத்திரி வெயிலுக்கு அந்தக் கணக்கு ஆகாது, உடனே உள்ளே வையுங்கள்.

பீய்ச்சியும் போதாவிட்டால் கைக்குழந்தைக்கென்று விற்கும் பவுடர் பால் கொடுப்பதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று தண்ணீரைக் கூட்டாதீர்கள், பிள்ளைக்கு ஆபத்து. கரண்டியைத் தலைதட்டி, டப்பாவில் போட்ட அளவுப்படியே கலக்க வேண்டும். பவுடரில் கிருமி இருக்கலாம் என்பதால், கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் கலந்து, ஆறவைத்துக் கொடுங்கள். குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். அப்புறம், பவுடர் கொடுக்கும் வேளையிலும் பீய்ச்சுவதை விடக் கூடாது. விட்டால் சுரப்பு குறையும்.

எந்தப் பாலானாலும் புட்டியை விடப் பாலாடை, அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், நல்லது. தங்கை மகள் அதன் மூக்கில் உதட்டை வைத்து, சொட்டுச் சொட்டாக உறிஞ்சுவாள்.