புரோமினா, பாஸ்பரஸா, தாது உப்பா, எதுவுமே வேண்டாமா? வீட்டுப் பொருள்களின் தீத்தடுப்பு வேதிப்பொருள்கள்: ஓர் ஒப்பீடு

சோஃபாவுக்குள் இருக்கும் பாலியூரித்தேன் ஃபோம் பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஒருமுறை நன்றாகப் பற்றிக்கொண்டால் சில நிமிடங்களில் அறையே எரியும். டிவியின் பின்மூடி, கம்ப்யூட்டர் உறை, சுவருக்குள் வைக்கும் தெர்மோகோல் பலகை எல்லாம் இதே வகைதான். அதனால் தீயைத் தாமதப்படுத்தும் வேதிப்பொருள்களை இவற்றில் கலக்கலாம் என்று நினைத்ததில் தவறில்லை. ஆனால் எதைக் கலப்பது என்ற பேச்சே அரை நூற்றாண்டாக நடந்தது. இந்தப் பொருளில் கலக்கத்தான் வேண்டுமா என்று மிகத் தாமதமாகத்தான் கேட்டார்கள்.

இன்று இருக்கும் வழிகள் நான்கு. ஒவ்வொன்றையும் ஒரே கேள்விகளால் அளக்கிறேன். உண்மையிலேயே தீயைத் தடுக்கிறதா? சேர்த்த இடத்திலேயே நிற்கிறதா? உடலுக்குள் போனால் என்ன செய்கிறது? எரிந்தாலோ குப்பைக்குப் போனாலோ என்ன ஆகிறது?

புரோமின் வகை

தீயை அடக்கும் வேலையில் மட்டும் பார்த்தால் புரோமின் கெட்டிக்காரன். சூடேறும்போது ஹைட்ரஜன் புரோமைடு வாயுவாக வெளிவந்து, சுவாலையை வளர்க்கும் ஹைட்ரஜன், ஹைட்ராக்சில் துணுக்குகளைப் பிடித்துக்கொள்கிறது. எரிதலின் தொடர்வினைச் சங்கிலி அறுந்து சுவாலை தளர்கிறது. கொஞ்சமாகச் சேர்த்தாலே போதும், விலையும் குறைவு. அதனால்தான் பிபிடிஇ எனப்படும் பாலிபுரோமினேட்டட் டைஃபீனைல் ஈதர்கள் உலகம் முழுக்கப் பரவின. பென்டா வகை சோஃபா ஃபோமுக்கு, டெக்கா வகை டிவி உறைகளுக்கு.

சுவாலையை அரைகுறையாக அடக்கினால் எரிதலும் அரைகுறையாகத்தான் நடக்கும். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கரும்புகையும் கூடும். வீட்டுத் தீயில் இறப்பவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது புகைதான், சுவாலை அல்ல என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். புரோமின் கலந்த பொருள் எரிந்தால் டயாக்சின், ஃப்யூரான் வகை நச்சுகளும் பிறக்கின்றன. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று முதல் பிரிவில் வைத்தது. அந்த வேலையில் சுவாசிக்கும் நச்சுகளில் இவையும் உண்டு.

இரண்டாவது கேள்வியில் இந்த வகை முற்றாகத் தோற்கிறது. பிபிடிஇ ஃபோமோடு வேதிப்பிணைப்பில் சேர்வதில்லை, வெறுமனே கலந்திருக்கிறது. ஆண்டுகள் போகப்போக மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் ஒட்டிக்கொள்கிறது. பழைய சோஃபாவின் இருக்கை மெத்தையைத் தூக்கி மூலையில் விரலை விட்டுப் பாருங்கள். தையல் விட்ட இடத்தில் பழுப்பேறிய ஃபோம் மாவாக உதிரும். அந்த மாவு தரையில் இறங்கும். தவழும் குழந்தை தரையைத் தடவிய கையை வாயில் வைக்கும். ஒரே வீட்டில் தாயின் ரத்தத்தைவிடப் பிள்ளையின் ரத்தத்தில் பிபிடிஇ அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

உடலில் இது கொழுப்பில் போய்த் தங்குகிறது. சில வகைகள் ஆண்டுக்கணக்கில் வெளியேறுவதில்லை. மூலக்கூறின் வடிவம் தைராய்டு ஹார்மோனை ஒத்திருப்பதால் அதன் வேலையில் குறுக்கிடுகிறது. கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன் எவ்வளவு முக்கியம் என்பது தெரிந்ததே. அமெரிக்காவின் சின்சினாட்டியில் தாய்மாரையும் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2014-இல் வெளியானது. கர்ப்பகாலத்தில் தாயின் ரத்தத்தில் பிபிடிஇ பத்து மடங்கு கூடியிருந்தால், ஐந்து வயதில் பிள்ளையின் ஐ.க்யூ சராசரியாக நான்கரைப் புள்ளி குறைந்திருந்தது. ஒரு பிள்ளைக்கு இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு தலைமுறை முழுவதற்கும் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது.

சுவீடனில் சேமித்து வைத்திருந்த தாய்ப்பால் மாதிரிகளை அளந்தபோது, 1972 முதல் 1997 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பிபிடிஇ இரட்டிப்பானது தெரிந்தது. ஆர்க்டிக்கின் துருவக் கரடிகள் உடலிலும் இது இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் பென்டா, ஆக்டா வகைகளைத் தடை செய்தது. நிலைத்த கரிம மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009-இல் அவற்றையும், 2013-இல் தெர்மோகோல் பலகைகளில் கலந்த எச்பிசிடி என்ற புரோமின் பொருளையும், 2017-இல் டெக்காவையும் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது.

பாஸ்பரஸ் வகை

பென்டா போன இடத்துக்கு வந்தவை பாஸ்பரஸ் கொண்ட ஆர்கனோபாஸ்பேட்டுகள். வந்தவை என்பதைவிடத் திரும்பி வந்தவை என்பதே சரி. 1970-களில் அமெரிக்காவில் குழந்தைகளின் இரவு உடைகளில் புரோமினும் பாஸ்பரஸும் கொண்ட புரோமின் ட்ரிஸ் என்ற பொருளைச் சேர்த்தார்கள். அது மரபணுவைச் சேதப்படுத்தும் என்று ஆர்லீன் பிளம், புரூஸ் ஏம்ஸ் என்ற விஞ்ஞானிகள் 1977 ஜனவரியில் எழுதினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் தடை வந்தது. அதற்கு மாற்றாக வந்த குளோரின் ட்ரிஸும் சீக்கிரமே இரவு உடைகளிலிருந்து விலக்கப்பட்டது. ஆனால் சோஃபா ஃபோமில் அதற்கு அப்போது எந்தத் தடையும் இருக்கவில்லை. 2012-இல் வெளியான டியூக் பல்கலைக்கழக ஆய்வொன்றில் 102 அமெரிக்க சோஃபாக்களின் ஃபோமைப் பரிசோதித்தார்கள். 85 விழுக்காட்டில் ஏதோ ஒரு தீத்தடுப்புப் பொருள் இருந்தது. 2005-க்குப் பிறகு வாங்கியவற்றில் அதிகம் கிடைத்தது இதே குளோரின் ட்ரிஸ். பிள்ளையின் சட்டைக்கு ஆகாது என்று ஒதுக்கிய பொருள், அதே பிள்ளை படுத்துப் புரளும் சோஃபாவுக்குள் இருந்தது. இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதற்குச் சாதகமாக ஒன்றுண்டு: உடல் இதைச் சில மணி நேரத்திலோ சில நாளிலோ சிறுநீரில் வெளியேற்றிவிடும். ஆனால் தூசியும் காற்றும் நாள்தோறும் புதிதாகக் கொடுத்துக்கொண்டே இருப்பதால், யாருடைய சிறுநீரைச் சோதித்தாலும் இதன் எச்சம் தென்படுகிறது. குளோரின் ட்ரிஸைப் புற்றுநோய்ப் பட்டியலில் 2011-இல் சேர்த்தது கலிஃபோர்னியா. செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சை பெற்ற 211 பெண்களிடம் நடந்த ஹார்வர்டு ஆய்வில், இந்த எச்சம் அதிகம் இருந்தவர்களிடம் கருமுட்டை கருவுறும் வாய்ப்பு குறைந்திருந்தது. தொடர்பு தெரிகிறது, இதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. சீக்கிரம் சிதைந்துவிடும் என்று நம்பிய இந்த வகையும் ஆர்க்டிக் காற்றில் கிடைக்கிறது.

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? இந்த இரண்டுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், உடலில் தங்காத பாஸ்பரஸையே சொல்வேன். ஆனால் சோஃபா விஷயத்தில் அந்தத் தேர்வுக்கே அவசியமில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

தாது உப்புகளும் பிணைந்த மூலக்கூறுகளும்

அலுமினியம் ஹைட்ராக்சைடு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் நீராவியை விட்டு வெப்பத்தை உறிஞ்சுகிறது. தூசியில் கலந்து உடலைத் தேடி வரும் பொருள் அல்ல, எரிந்தாலும் நச்சுப் புகை இல்லை. குறை என்னவென்றால், எடையில் பாதியளவோ அதற்கு மேலோ சேர்க்க வேண்டும். மின்கம்பி உறைக்கு அது பரவாயில்லை. ஃபோமில் அவ்வளவு போட்டால் அதில் யார் உட்காருவது?

இன்னொரு வழி, பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பில் பூட்டிவிடுவது. சர்க்யூட் போர்டில் டிபிபிபிஏ என்ற புரோமின் பொருள் எபாக்சி பிசினோடு சேர்ந்து அதன் அங்கமாகிவிடுகிறது. பயன்படுத்தும் காலத்தில் வெளியேறுவது மிகக் குறைவு. அதே டிபிபிபிஏவைப் பிளாஸ்டிக் உறையில் சும்மா கலந்தால் அதுவும் கசியும். இதைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளதாக உலக சுகாதார அமைப்பின் அதே புற்றுநோய் முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பிணைத்தாலும், மின்குப்பையைத் திறந்தவெளியில் கொளுத்தும் இடத்தில் புரோமின் புரோமின்தான். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் அந்தக் கருவியை ஒருநாளும் பயன்படுத்தியிராத ஏழைத் தொழிலாளிகள்.

எதுவுமே சேர்க்காமல்

1975-இல் கலிஃபோர்னியா கொண்டுவந்த டிபி 117 என்ற விதி, உறையில்லாத வெறும் ஃபோம் 12 விநாடி சிறு சுவாலையைத் தாங்க வேண்டும் என்றது. பெரிய சந்தை என்பதால் அமெரிக்கா முழுவதற்கும் அதுவே அளவாகிப் போனது. ஆனால் யார் வீட்டில் வெறும் ஃபோம் எரிகிறது? முதலில் பற்றுவது மேல்துணி. ஃபோமை எட்டும்போது தீ பெரிதாகிவிடும், சில விழுக்காடு வேதிப்பொருள் அதன் முன் நிற்காது. சோஃபாத் தீயால் வரும் மரணங்களில் பெரும்பகுதி கனலும் சிகரெட்டில் தொடங்குகிறது.

2013-இல் விதி மாறியது. துணியையும் ஃபோமையும் சேர்த்து வைத்து, கனலும் சிகரெட்டால் சோதிக்கிறார்கள். சரியான துணியோ நடுவே ஒரு தடுப்புப் படலமோ இருந்தால் வேதிப்பொருள் இல்லாமலே தேறிவிடும். 2021 முதல் இதுவே அமெரிக்கா முழுவதற்கும் விதி.

பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டு விதிகள் சுவாலைச் சோதனையைக் கேட்டன. அதனால் அங்கே வேதிப்பொருள் அதிகம் சேர்த்தார்கள். அங்கே சோஃபாக்களை எரித்துப் பார்த்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு, இவை தீ வளர்வதைக் குறைப்பதைவிடப் புகையின் நச்சை அதிகமாகக் கூட்டுகின்றன என்றது. கம்பளி போன்ற இயற்கை இழைகள் கொண்ட சோஃபா வேதிப்பொருள் இல்லாமலே நிதானமாக எரிந்தது.

இந்த வழியிலும் ஒரு பொறி உண்டு. சில மெத்தைகளில் தடுப்புப் படலமாகக் கண்ணாடி இழை வைக்கிறார்கள். துவைக்கலாம் என்று ஜிப்பைத் திறந்தால் அந்த இழை வீடெங்கும் பரவி, தோலையும் மூச்சையும் அரிக்கும். உறையைக் கழற்றக் கூடாது என்று லேபிளில் இருந்தால் கழற்றாதீர்கள். வாங்கும்போதே கம்பளிப் படலம் உள்ளதா என்று கேட்பது மேல்.

எந்தப் பொருளுக்கு எது

சோஃபா, மெத்தை, குழந்தை இருக்கை, தலையணை: எதுவும் சேர்க்காதது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. உயிரைக் காக்கும் பணத்தைப் புகை எச்சரிக்கைக் கருவியில் போடுங்கள். வேலை செய்யும் கருவி உள்ள வீட்டில் தீயால் இறக்கும் ஆபத்து, இல்லாத வீட்டைவிட ஏறக்குறைய பாதி.

மின்கருவிகள் வேறு கதை. வெப்பமும் மின்சாரமும் உள்ளேயே இருப்பதால் எதுவும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சர்க்யூட் போர்டில் பிணைந்த வகை, கம்பியில் தாது உப்பு, உறையில் ஹாலஜன் (புரோமின், குளோரின் போன்றவை) இல்லாதது அல்லது உலோகம். ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் டிவி, மானிட்டர் உறைகளிலும் தாங்கிகளிலும் ஹாலஜன் தீத்தடுப்பைத் தடை செய்தது. தொழில் நின்றுவிடவில்லை.

கறுப்பு பிளாஸ்டிக் கரண்டிகளைப் பற்றியும் கேட்பீர்கள். பழைய டிவி உறைகளை மறுசுழற்சி செய்யும்போது டெக்கா அதோடு வந்துவிடுகிறது என்று 2024-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதில் ஒரு கணக்குப் பிழையும் இருந்தது: 60 கிலோ எடையுள்ளவருக்கான ஒருநாள் வரம்பைக் கணக்கிட, ஒரு கிலோ எடைக்கு 7,000 நானோகிராம் என்ற அளவை 60-ஆல் பெருக்கி 42,000 நானோகிராம் என்று எழுதிவிட்டார்கள், சரியானது 4,20,000. பிறகு திருத்தினார்கள். ஆகவே பீதி வேண்டாம். ஆனாலும் டிவிக்கான வேதிப்பொருளுக்குச் சமையல் கரண்டியில் வேலையில்லை. மரமோ எவர்சில்வரோ எளிதாகக் கிடைக்கும்போது அதையே வாங்குங்கள்.

பழைய சோஃபாவை உடனே மாற்ற முடியாதவர்கள் கிழிசலைத் தைத்து மூடுங்கள். தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடையுங்கள், டிவியின் பின்பக்கத்தையும் சேர்த்து. சாப்பிடும் முன் குழந்தையின் கையைக் கழுவிவிடுங்கள். கைகழுவுவதாலும் வீட்டைச் சுத்தம் செய்வதாலும் இந்தப் பொருள்களின் அளவு ஒரு வாரத்திலேயே உடலில் குறைந்ததை நியூயார்க்கில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. புது உறை தைக்கும்போது ஃபோமையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றிய ஃபோமைக் கொளுத்தாதீர்கள், திண்டிலோ பொம்மையிலோ திணிக்கவும் வேண்டாம்.