கேதார்காந்தா பனிப்பயணம்: எதை வாங்கலாம், எதைச் சங்க்ரியில் வாடகைக்கு எடுக்கலாம்?

உத்தராகண்டில் சுமார் 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்காந்தாவுக்குக் குளிர்காலத்திலும் ஏறுகிறார்கள். அடிவாரக் கிராமமான சங்க்ரியில் பூட்ஸ், ஜாக்கெட், மைக்ரோஸ்பைக் (பனியில் வழுக்காமல் இருக்க பூட்ஸில் மாட்டும் பல் வைத்த சங்கிலி), கெய்ட்டர் (பூட்ஸுக்குள் பனி புகாமல் காலைச் சுற்றிக் கட்டும் உறை), கைத்தடி எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும். மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து ஆட்கள் இதை எடைபோடும்போது கூடுதலாக ஒரு கணக்கு உண்டு. பொருள் மலையில் உழைப்பது நாலைந்து நாள். மீதி வருஷம் முழுக்க உப்புக்காற்றில்தான் கிடக்கும்.

பூட்ஸ் மட்டும் சொந்தமாக இருக்கட்டும். வாடகை ஜோடி உள்ஈரம் காயாமலே அடுத்தவர் காலுக்குப் போகும். விடுமுறைக் கூட்டத்தில் உங்கள் அளவு மிஞ்சுமா என்பதும் சந்தேகம். செருப்பிலேயே பழகிய காலுக்கு முன்பாதம் அகலம், ஒடுக்கமான மாடல் ஒத்துவராது. சாயங்காலம் கால் லேசாக வீங்கியிருக்கும்போது கம்பளி சாக்ஸுடன் போட்டுப் பாருங்கள். கயிற்றை இறுக்கி மாடிப்படியில் வேகமாக இறங்கும்போது பெருவிரல் முன்னால் இடித்தால் அடுத்த சைஸ் கேளுங்கள். அப்படியே வாங்கினால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும்.

விலையை விட நடுச்சோல், அதாவது பூட்ஸின் அடி ரப்பருக்கு மேலே இருக்கும் நுரை அடுக்கு, எதனால் ஆனது என்று விசாரிப்பது முக்கியம். பாலியூரித்தேன் நுரை என்றால் நம் ஊருக்கு ஆகாது. புழுக்கத்தில் ஈரப்பதம் அந்த நுரையின் வேதிப்பிணைப்பை அறுத்துக்கொண்டே இருக்கும். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாலும் சில வருஷத்தில் பொடியாக உதிரும். சொல்லப்போனால் சும்மா கிடக்கும் ஜோடிதான் முதலில் போகும். ஈ.வி.ஏ. நுரைக்கு இந்த வியாதி இல்லை. எடையும் குறைவு, நாளடைவில் அமுங்கிப்போகும், அவ்வளவுதான். எந்தச் சோலானாலும் தகரக் கொட்டகையில் போடாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே சோலை வளைத்து மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று பாருங்கள்.

பறவை இறகு அடைத்த டவுன் ஜாக்கெட் வாடகைக்குப் போதும். ஏறும்போது அதைப் போட்டால் வியர்த்துக் கொட்டும். முகாமிலும் உச்சியில் நிற்கும்போதும்தான் அதற்கு வேலை. இறகு நனைந்தால் கட்டிதட்டும், சூடு நிற்காது. துவைப்பது அதைவிடப் பாடு: உவர்ப்பான போர்த் தண்ணீரில் சோப்பு முழுசாக அலசிப் போகாமல் இறகிலேயே ஒட்டும். ஒரு ஜாக்கெட்டுக்காகக் காவிரித் தண்ணீரைக் குடம் குடமாகக் கொட்ட யாருக்கு மனசு வரும்? சொந்தமாகத்தான் வேண்டும் என்றால் செயற்கை இழை அடைத்ததை வாங்குங்கள். கனம் கூடுதல், ஆனால் ஈரத்தை ஓரளவு தாங்கும்.

மைக்ரோஸ்பைக்கும் வாடகைதான். பனி ஈரத்தோடு பையில் திணித்து ஊருக்குக் கொண்டுவந்தால் சங்கிலிக் கண்ணிகள் துருப்பிடிக்கும். பல பயண நிறுவனங்கள் இதையும் கெய்ட்டரையும் கட்டணத்திலேயே சேர்த்துத் தருகின்றன. முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுக்கும்போது ரப்பரை இழுத்து வெடிப்பு இருக்கிறதா, பல் மழுங்கியிருக்கிறதா என்று பார்த்து, உங்கள் பூட்ஸிலேயே மாட்டிச் சரிபாருங்கள். ரப்பர் தொளதொளத்தால் சரிவில் கழன்றுவிடும்.

உள்ளே போட காட்டன் பனியன் வேண்டவே வேண்டாம்; வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு, நின்றதும் உடம்பை விறைக்க வைக்கும். கபடி ஜெர்சி மாதிரியான முழுக்கை பாலியெஸ்டர் போதும், மேலே ஃப்ளீஸ் (கம்பளி மாதிரி மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டை) ஒன்று. கையுறையும் இரண்டு அடுக்காகச் சொந்தமாக எடுத்துப் போங்கள். மெல்லியதைக் கழற்றாமலே ஸ்பைக் மாட்ட முடிய வேண்டும்.