எட்டு வருடமும் ஒரு கரண்டிச் சீனியும்

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற கூட்டாளி போன கிழமை வாட்ஸ்அப்பில் கேட்டான். "மச்சான், நல்லூர்த் திருவிழாவுக்கு வாறம். பிள்ளையளுக்கு ஒரு பழைய தேத்தண்ணிக் கடை காட்டோணும். எது நல்லம்?" எட்டு வருடமாக ஒரே கடைக்குப் போகிறவன் நான், ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அவன் கேட்ட நேரம் பிழை. அன்றைக்குக் காலமைதான் அந்தக் கடையில் எனக்குக் கொதி ஏறியிருந்தது.

கடையின் பெயரைப் போடவில்லை. யாழ்ப்பாணத்தில் பலாலி வீதியில் இருந்து உள்ளே திரும்புகிற ஒழுங்கைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் உளுந்து வடை, கடலை வடை, றோல்ஸ், வாய்ப்பன். மேசையில் யாரோ குறுக்கெழுத்தைப் பாதி நிரப்பிவிட்டுப் போன பேப்பர். பிளேன்டீ, அதாவது பால் விடாத தேத்தண்ணி, 50 ரூபா. வடை கேட்டால் தட்டில் ஏழெட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள், தின்றதற்கு மட்டும் காசு. எத்தனை தின்றாய் என்று இத்தனை வருடத்தில் ஒரு நாளாவது சந்தேகமாகப் பார்த்ததில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

என் பிரச்சினை சீனி. 2019இல் சாப்பாட்டுக்கு முன் எடுத்த இரத்தத்தில் சீனி 148 என்று வந்தது. அன்றிலிருந்து தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. வீட்டில் பழகிக்கொண்டேன், வெளியூரிலும் பிரச்சினை இல்லை, இந்த ஒரு கடையில் மட்டும் முடியவில்லை. "அண்ணை, பிளேன்டீ ஒண்டு, சீனி போடாமல்." "ஓம் ஓம், தெரியும்தானே." வரும். குடித்தால் இனிக்கும். அதிகமாக இல்லை, ஆனால் இனிக்கும். "சீனி கிடக்கே அண்ணை?" "சீச்சீ, நான் போடேல்லை, அது தேயிலையின்ரை குணம்." தேயிலைக்கு இனிப்புக் குணம் இருந்தால் அந்த மனுசன் மாதம் மாதம் மூட்டையில் சீனி வாங்குவானேன்?

தேத்தண்ணி மோசம் என்றால் எப்போதோ கடையை மாற்றியிருப்பேன். அதுதான் இல்லையே. யாழ்ப்பாணத்தில் தேத்தண்ணியைக் கெடுப்பது தண்ணி. எங்களுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல், வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, குடிப்பது பெரும்பாலும் கிணற்றுத் தண்ணி. அந்தத் தண்ணியில் பிளேன்டீ போட்டால் மேலே எண்ணெய் விட்டதுபோல ஒரு ஆடை படியும், நிறம் மங்கிப்போகும், கிளாஸின் விளிம்பில் மண்ணிறக் கோடு விழும். தேசிக்காய் ஒரு சொட்டுப் பிழிந்தால் கலைந்துவிடும், ஆனால் அப்புறம் அது வேறு குடிவகை. இந்தக் கடையில் அந்த ஆடையே இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் செம்மண்ணிறத்தில் தெளிவாக நிற்கும். அண்ணையின் கைராசி என்று ஊரே சொல்கிறது, நானும் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பின்பக்கம் சைக்கிள் விடப் போன ஒரு நாள்தான் கண்டேன், வடிகட்டின தண்ணி 20 லீற்றர் கானில் வரிசையாக அடுக்கியிருக்கிறது. கைராசியில் பாதி கானில் வருகிறது. ஆனாலும் மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. 50 ரூபாத் தேத்தண்ணிக்குத் தண்ணியைக் காசு கொடுத்து வாங்குகிற ஆள் வேறு யார் இருக்கிறார்?

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். 2022இல் பால்மா 400 கிராம் பைக்கற் 790 ரூபாவுக்குப் போய், அந்த விலைக்கும் கடைகளில் கிடைக்காமல், ஒரு பால் தேத்தண்ணி 100 ரூபா என்று கன்ரீன்காரரின் சங்கம் அறிவித்த நாட்களில், எத்தனையோ கடை பூட்டிக் கிடந்தது. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஏப்ரலில் 4,860. மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. அண்ணை பின்வளவில் மூன்று கல் வைத்து விறகு மூட்டினார். பால் தேத்தண்ணியை நிறுத்தினார், பிளேன்டீயை நிறுத்தவில்லை. பெற்றோல் வரிசையில் இரவு முழுக்க நின்றுவிட்டு விடியப்புறம் அங்கே போய்க் குடித்த தேத்தண்ணியில் புகை மணந்தது. அந்த நாட்களில் சீனியும் விலை ஏறிப் போயிருந்தது. அப்போதும் எனக்கு இனித்தது! அந்த விலையிலும் கேட்காமலே சீனி போடுகிற மனுசனோடு என்னத்தைக் கதைக்கிறது.

இப்போது கடையில் நடந்த திருத்த வேலைக்கு வருவோம். தைப்பொங்கலுக்குப் பிறகு மூன்று கிழமை கடை பூட்டி, கூரை ஓடுகளை மாற்றி, நிலத்துக்கு மாபிள் பதித்து, மதில் ஓரமாக நின்ற பழைய வாங்குகளைத் தூக்கிவிட்டு பிளாஸ்ரிக் கதிரை போட்டார்கள். வாங்கு போனதில் எனக்குத் துக்கம்தான். வாங்கில் இருந்தால் பக்கத்தில் யார் வந்து இருந்தாலும் கொஞ்சம் அரக்கி இடம் விட வேண்டும், அப்படியே கதை தொடங்கும். காணி வழக்குக்கு நல்ல அப்புக்காத்து, மாட்டுக்கு வந்த காய்ச்சல், யாருடைய மகளுக்கு எந்த நாட்டில் விசா கிடைத்தது, எல்லாம் அந்த வாங்கில் அறிந்ததுதான். கதிரையில் ஆளுக்கொரு போன். முதுகுக்குச் சுகம், அதை மறுக்கவில்லை. சீலிங் ஃபானும் புதிது, சத்தமில்லை. சரி, அதை விடுவோம்.

திருத்தத்தில் ஒரு மாற்றம் மட்டும் எனக்கு உதவியது. முன்பு தட்டிக்குப் பின்னால் இருந்த தேத்தண்ணி மேடையை வாசலுக்கு நேரே கொண்டுவந்துவிட்டார்கள். அன்று காலமை ஏழரைக்கு, பள்ளிக்கூடத்துக்கும் கந்தோருக்கும் ஆட்கள் போகிற நேரம், முதல் கதிரையில் இருந்து நான் முழுவதையும் பார்த்தேன்.

அண்ணை பன்னிரண்டு கிளாஸைச் சுடுதண்ணியில் கழுவி எடுக்கிறார். துடைப்பதில்லை, அப்படியே ஒரு உதறல், வரிசையாக நிறுத்துகிறார். உடனே சீனிப் பேணியில் இருந்து கிளாஸுக்கு ஒரு கரண்டி, டக் டக் டக் என்று பன்னிரண்டுக்கும் போடுகிறார். ஒருவரும் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. ஆட்கள் கேட்கக் கேட்கத் தேயிலைச் சாயத்தை விட்டு, சுடுதண்ணியை உயரத்தில் இருந்து ஊற்றிக் கொடுக்கிறார். என் முறை வருகிறது. "சீனி போடாமல்" என்கிறேன். "ஓம் ஓம்." வரிசையில் இருந்து ஒரு கிளாஸை எடுக்கிறார், சீனியைத் திரும்பப் பேணிக்குள் தட்டுகிறார், சாயத்தை விடுகிறார். கிளாஸ் ஈரம். சீனி முழுக்க எப்படி விழும்? அடியில் கால் கரண்டி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மனுசன் பொய் சொல்லவில்லை, போட்டதை எடுத்துவிட்டுத்தான் தருகிறார்.

எட்டு வருடமாக அந்தக் கடையைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, கடைசி மிடறு வரைக்கும் சூடு நிற்கும் என்பது. சூடு நிற்பது கிளாஸைச் சுடுதண்ணியில் அலசுவதால். அந்த ஈரத்தில்தான் என்னுடைய சீனியும் ஒட்டுகிறது. இதைக் கண்டுபிடித்த சந்தோசத்தில் கோபம் போயிருக்க வேண்டும், ஆனால் கூடிவிட்டது. ஒரு கிளாஸ், ஒரேயொரு கிளாஸை வெறுமையாக வைத்தால் என்ன? கேட்டேன். "என்ன தம்பி, இவ்வளவு நாளும் சொல்லேல்லையே!" என்றார். சொல்லவில்லையாம்.

அடுத்த நாள் போனேன் (போகாமல் என்ன செய்வது, ஆறரைக்கே கால் அந்தப் பக்கம் திரும்பிவிடும்). அண்ணை என்னைக் கண்டதும் பெரிதாகச் சிரித்தார். துடைத்த கிளாஸ் ஒன்றைத் தனியாக எடுத்து, எனக்குக் காட்டி, சாயத்தை விட்டு, தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தார். முதல் தடவையாகச் சீனி இல்லை. அந்தச் சாயத்தின் உண்மையான துவர்ப்பு அன்றைக்குத்தான் நாக்குக்குத் தெரிந்தது. நல்ல தேத்தண்ணி, மிக நல்ல தேத்தண்ணி. ஆனால் துடைத்த கிளாஸ் சுடவில்லை, பாதியிலேயே ஆறிப்போனது. சோசரில் விரல் மொத்தத்தில் ஒரு துண்டுப் பனங்கட்டி. "கடிச்சுக் குடியும். சீனி இல்லைத்தானே, இது மருந்து."

பனங்கட்டியை விட்டுவிட்டு வர முடியுமா? பனையோலைக் குட்டானில் இருந்து அப்போதுதான் உடைத்தது, ஓரத்தில் ஓலையின் தும்பு ஒட்டியிருந்தது. முழுவதையும் தின்றேன். அன்றைக்கு என் இரத்தத்தில் எத்தனை இருந்திருக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கூட்டாளிக்குப் பதில் போட்டேன். உந்தக் கடைக்கு வராதே, வாங்கும் இல்லை, சீனியும் கேட்டபடி வராது, அதுவும் திருவிழா 25 நாளும் அங்கே பன்னிரண்டு கிளாஸ் இல்லை, முப்பது கிளாஸ் வரிசையில் நிற்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு விறாந்தைக்கு வா, மனிசி நல்ல தேத்தண்ணி போடுவாள். "அப்ப நீ ஏன் அங்கை போறாய்?" என்று கேட்டு எழுதியிருக்கிறான். நீல ரிக் விழுந்து மூன்று நாளாகிறது, இன்னும் பதில் எழுதவில்லை. திருவிழா முடிந்த பிறகும் அவன் நிற்பான் என்றால் காலமை பத்தரைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், அந்த நேரத்தில் மேடையில் கிளாஸ் வரிசை இருக்காது.