கார்புரேட்டர் ஓஸைப் போட்டு 6,800 ரூபாய் வாங்கிய பட்டறை

பழைய இன்ஜெக்ஷன் பைக் (கார்புரேட்டர் இல்லாமல், பம்ப் அழுத்தத்தில் பெட்ரோலைப் பீச்சும் வண்டி) வைத்திருப்பவர்கள் மட்டும் படித்தால் போதும். என்னுடையது 2012 மாடல். சென்னிமலையிலிருந்து ஈரோட்டுக்கும் காங்கேயத்துக்கும் தறி வேலையாக ஓடி ஓடி எண்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது. இதற்கு முன் என்னை நடுவழியில் நிறுத்தியதில்லை. இந்தப் பங்குனியில் நிறுத்தியது, அதுவும் ரிப்பேர் பார்த்த பதினோராம் நாள்.

முதலில் வந்தது வாடைதான். காலையில் கொட்டகைக் கதவைத் திறந்தால் பெட்ரோல் நெடி மூக்கில் அடித்தது. டேங்குக்கு அடியில், பம்பிலிருந்து, பெட்ரோலை இன்ஜினுக்குள் பீச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் ஓஸின் (ரப்பர் குழாயின்) முனையில் ஈரம். தொட்டுப் பார்த்தால் ரப்பர் முறுக்கு மாதிரி விறைத்துப்போய் மேலெல்லாம் வெடிப்பு. பதினாலு வருடக் கொங்கு வெயில், பக்கத்திலேயே இன்ஜின் சூடு, போதாக்குறைக்கு இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளை அதற்கேற்ற ரப்பரோடு செய்கிறார்கள். நம்முடையதைப் போன்ற பழைய வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஓஸ் போனதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. அதை மாற்றிய விதத்தைத்தான் சொல்ல வந்தேன்.

ஈரோட்டில் ஒரு பட்டறை. பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமை என்பதால் உள்ளே சாமி படத்துக்கு விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அங்கே வேலை பார்க்கும் பையன் வந்த வேகத்தில் ஓஸைப் பிடித்து இழுத்தான். பீச்சியடித்த பெட்ரோல் அவன் சட்டையில் பாதியை நனைத்தது. விளக்கு ஆறேழு அடி தள்ளித்தான் எரிந்துகொண்டிருந்தது. இன்ஜெக்ஷன் வண்டியில் சாவியை அணைத்த பிறகும் ஓஸுக்குள் அழுத்தம் நிற்கும். பம்பின் வயரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, அதற்குப் பிறகுதான் ஓஸில் கை வைக்க வேண்டும். அன்று எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த நிமிடமே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருப்பேன்.

"அண்ணா, ஓஸ் மட்டும் இல்லைங்க, பம்பும் போய்விட்டது. அழுத்தம் தாறுமாறாக வருவதால்தான் ஓஸ் வெடித்திருக்கிறது" என்றார் பட்டறைக்காரர். பம்ப், ஓஸ், கூலி எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். வண்டி ஒரு நாள்கூடத் திணறியதில்லையே என்று கேட்டேன். "திணறுவதற்குள் வந்துவிட்டீர்கள், நல்ல நேரம்" என்றார். அந்த 'நல்ல நேரம்' என்ற சொல்லில் விழுந்துவிட்டேன். நமக்கு அது ஒன்று போதுமே.

மாலையில் போனேன். துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார். ஓஸின் முனையில் வெள்ளைத் துணியை ஒற்றிக் காட்டி, "பாருங்க, ஒரு சொட்டு இல்லை" என்றார். உண்மைதான், ஒரு சொட்டு இல்லை. ஆனால் சாவி என் சட்டைப் பையில் இருந்தது! சாவியைத் திருப்பினால்தான் பம்ப் இரண்டு மூன்று விநாடி முனகி ஓஸில் அழுத்தம் ஏற்றும். ஓஸைக் கழற்றியபோதே அழுத்தம் இறங்கிவிட்ட வண்டியில் துணி வைத்துக் காட்டுவது, மோட்டாரைப் போடாமலே தோட்டத்துக் குழாயில் ஒழுக்கு இல்லை என்பதைப் போல. சாவியைப் போட்டு, இன்ஜினை ஐந்து நிமிடமாவது ஓடவிட்டு, அதன்பிறகு துணியை வைக்கச் சொல்லுங்கள்.

பழைய பம்பைக் கேட்டேன். "குப்பையில் போய்விட்டதுங்க" என்றார். பில்லுக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும். போனில் பணம் அனுப்பிவிட்டு வந்தேன். அந்தப் பதிவு இப்போது என் கையிலிருக்கும் ஒரே ஆதாரம்.

பதினோராம் நாள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) ஊரில் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா. காங்கேயம் தாண்டித் தாராபுரம் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது வலது தொடையில் சில்லென்று ஏதோ பட்டது. குனிந்து பார்த்தால் டேங்குக்கு அடியிலிருந்து பெட்ரோல் ஊசி மாதிரி பீச்சி, இன்ஜின் மேல் விழுந்து ஆவியாகிக்கொண்டிருக்கிறது. சாவியை அணைத்து, வண்டியை ஓரமாகச் சாய்த்துப் போட்டுவிட்டு இருபது அடி ஓடினேன். நோம்பிக்கு எடுத்த புது வேட்டி முழுக்கப் பெட்ரோல். தீப்பிடிக்காமல் போனது என் சாமர்த்தியம் அல்ல.

பக்கத்துத் தோட்டத்தில் போர் போட வந்த ரிக் வண்டி நின்றுகொண்டிருந்தது, திருச்செங்கோட்டு வண்டி. அதிலிருந்த பெரியவர் வந்து, இன்ஜின் ஆறும்வரை பொறுத்திருந்து, குனிந்து பார்த்தார். நாள் முழுதும் ஹைட்ராலிக் ஓஸோடு மல்லுக்கட்டுகிறவர். இரண்டு விரலால் ஓஸை ஒரு நசுக்கு நசுக்கினார். "கண்ணு, இது கார்புரேட்டர் வண்டிக்குப் போடுகிற ஓஸ். உள்ளே நூல் பின்னலே இல்லை பார். எங்கள் வண்டியில் இப்படிப் போட்டால் ஆள் போய்விடுவான்" என்றார்.

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் மேலேயிருந்து கீழே தானாக இறங்கும். அழுத்தமே கிடையாது. இன்ஜெக்ஷனில் பம்ப் தள்ளுகிறது, பல பைக்குகளில் சுமார் மூன்று பார் அழுத்தத்தில், அதாவது டயர்க் காற்றுக் கணக்கில் 43 பவுண்டு. பின் டயருக்கு நாம் பிடிக்கும் காற்றே முப்பத்துச் சொச்சம்தான். டயருக்குள் நைலான் அடுக்கு இருக்கிறது. அந்த ஓஸுக்குள் எதுவும் இல்லை.

இன்னொரு கூத்து கிளாம்ப், அதாவது ஓஸை முனையோடு இறுக்கிப் பிடிக்கும் பட்டை. ஒரிஜினல் லைனின் (கம்பெனி ஓஸின்) இரண்டு முனையிலும் சொடுக்கிப் பூட்டும் பிளாஸ்டிக் ஜாயின்ட் இருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு, வெறும் ஓஸைச் சொருகி, பட்டையில் வரிவரியாக வெட்டு இருக்கும் திருகு கிளாம்பை முறுக்கியிருக்கிறார்கள். முறுக்க முறுக்க அந்த வெட்டுகள் ரப்பருக்குள் இறங்கும். பீச்சியடித்தது சரியாக அந்த இடத்தில்தான்.

வண்டியை டெம்போவில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுபோனேன். அங்கே பார்த்தவர் டேங்கை இறக்கிப் பம்பைக் கழற்றியதும் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பம்ப் தட்டில் ஆணியால் கீறிய 14.8.19. அன்று ஃபில்டர் மாற்றிய மெக்கானிக், அவர் வழக்கப்படி, கீறிவைத்த தேதி. அதே பம்ப்! அழுத்தம் பார்க்கும் மீட்டரை மாட்டிக் காட்டினார், வர வேண்டிய அளவு அப்படியே வந்தது. இரண்டு முனை ஜாயின்டோடு கம்பெனி லைன், புது ஓ-ரிங் (ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்), கூலி எல்லாம் சேர்த்து 2,150 ரூபாய். லைன் வர நான்கு நாள் காத்திருந்தேன்.

ஒரிஜினல் லைன் கிடைக்காத வண்டி என்றால், இன்ஜெக்ஷனுக்கென்றே வரும் ஓஸை மீட்டர் கணக்கில் வாங்கலாம், பம்பிலும் இன்ஜெக்டரிலும் ஓஸ் சொருகுவதற்கான முனை இருந்தால். ஓஸ் மேல் 'ஜே30 ஆர்9' (J30R9, இன்ஜெக்ஷன் ஓஸுக்கான தரக் குறி) என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஆர்6, ஆர்7 கார்புரேட்டருக்கானவை. ஒன்றுமே அச்சிடாத கறுப்பு ஓஸைக் கையில்கூட வாங்காதீர்கள். கிளாம்பும் ஓரம் மடித்த, வெட்டில்லாத பட்டையாக இருக்க வேண்டும்.

ஈரோட்டுக்குத் திரும்பப் போய் வெட்டிய ஓஸையும் பம்பின் போட்டோவையும் நீட்டினேன். முதலில் "அது எங்கள் ஓஸே இல்லைங்க" என்றார். கடையில் நான்கு வாடிக்கையாளர்கள் நின்றதும், "இரண்டாயிரம் தருகிறேன், சத்தம் போடாதீங்க" என்றார். வாங்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போனால் போதும். கோவை மெக்கானிக் தான் கண்டதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்.

சாட்சிப் பொருளான அந்த ஓஸை வீட்டுக்குள் வைக்க என் மனைவி விடவில்லை. இரண்டு கவரில் சுற்றியும் நாறுகிறது. தறிக் கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்து ஆணியில் தொங்குகிறது.