கடலுக்கு இறங்குமுன்: விண்டியா, திணைக்கள அறிக்கையா, கரையில் நின்று பார்ப்பதா?

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து கரையோரமாகத் தெற்கே, சில நேரம் ஒலுவில் வரைக்கும், சிறிய ஃபைபர் படகில் போய்வருகிறேன். இறங்குமுன் காற்றை அறிய வழிகள் மூன்று: வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் வானிலை அறிக்கை, போனில் காற்றுக் கணிப்பை வரைபடமாகக் காட்டும் விண்டி (Windy) ஆப், கரையில் நின்று கண்ணால் பார்ப்பது. மூன்றுக்கும் செலவில்லை, மூன்றையும் பார்க்கிறேன். ஆனால் எத்தனை மணிக்குப் போவது, எப்போது திரும்புவது என்று முடிவு செய்வது விண்டியை வைத்துத்தான்.

காரணம் கச்சான், அதாவது தென்மேற்கிலிருந்து வரும் காற்று. மே முதல் செப்டம்பர் வரை அது தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அலை எழும்பக் காற்றுக்குத் தண்ணீர்மேல் ஓட இடம் வேண்டும். கரையோரம் அந்த இடம் கிடையாது. அதனால் பலத்த கச்சானிலும் கரையில் நிற்பவருக்குக் கடல் வாவிபோலத் தட்டையாகத்தான் தெரியும். கரையை விட்டு வெளியே போகும்போது காற்று முதுகுப்பக்கம், ஒன்றும் உறைக்காது. கரைக்குத் திரும்பும்போதுதான் அது முகத்துக்கு நேரே வரும்: அணியம் (படகின் முன்பக்கம்) அலையில் குத்தும், எண்ணெய் கூட எரியும். எஞ்சின் நின்றுவிட்டால் படகு வங்காள விரிகுடாப் பக்கம் இழுபடும். இந்த மாதங்களில் கரையில் நின்று பார்த்துவிட்டு இறங்குவதை நான் ஏற்கவே மாட்டேன்.

திணைக்கள அறிக்கை நீண்ட கரையோரத்துக்குச் சேர்த்து ஒரே கணக்காகச் சொல்லும். விண்டியில் நாம் போகும் இடத்திலேயே விரலை வைத்து, காற்று எந்த மணிக்கு ஏறுகிறது, இடையிடையே வரும் திடீர் வீச்சு எவ்வளவு என்று பார்க்கலாம். அதிலுள்ள ஈசிஎம்டபிள்யூஎஃப் (ஐரோப்பிய), ஜிஎஃப்எஸ் (அமெரிக்க) என்ற இரண்டு கணினிக் கணிப்புகளையும் மாற்றிப் பார்த்து, மோசமானதையே நம்புகிறேன். என் படகுக்குக் காற்றின் எல்லை 15 நொட் (கடல்மைல் வேகம்). திணைக்களம் கிலோமீட்டரில் சொல்வதால், அது மணிக்கு ஏறத்தாழ 28 கி.மீ. என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். அலை உயரமும் அப்படித்தான்: 1 மீட்டர் என்று போட்டிருந்தால் அது எல்லா அலைகளிலும் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. இடையில் ஒன்று கிட்டத்தட்ட 2 மீட்டரும் வரலாம்.

ஏப்ரல், ஒக்டோபர் பின்னேரங்களில் வரும் இடிமழை வேறு கதை. எந்த ஊருக்கு மேல் முகில் கட்டும் என்று விண்டியால் சரியாகப் பிடிக்க முடிவதில்லை. அப்போது திணைக்களத்தின் மின்னல் எச்சரிக்கையும் மேற்கு வானமும்தான் துணை. திணைக்களம் கடலுக்குப் போக வேண்டாம் என்றால் பேச்சே இல்லை, விண்டி என்ன காட்டினாலும் படகு கரையில்தான். 1978 நவம்பர் 23 புயலைப் பார்த்த ஊர் இது.

வடகிழக்குக் காற்றான வாடை வீசும் மாதங்களில் நான் இறங்குவது குறைவு. முகத்துவாரத்தில் அலை உடையும் அந்த நாட்களைப் பற்றி வாழைச்சேனைப் பலநாள் படகுக்காரர்களைக் கேட்பதே நல்லது.

கரையை விட்டுத் தள்ளிப்போனால் சிக்னல் விழுந்துவிடும். ஆகவே விண்டியில் அன்றைய கணிப்புப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொண்டுதான் எஞ்சினை இழுக்கிறேன்.