சூப்பர்வாஷ் மெரினோ: துவைத்த பிறகுதான் அளவு தெரியும்

விலை இறங்கியிருக்கிறது, ஸ்வெட்டர் பின்ன ஒரேயடியாகப் பன்னிரண்டு நூல்கண்டு எடுத்துவிடட்டுமா என்று தோழி ஒருவர் கேட்டார். அவர் கேட்டது சூப்பர்வாஷ் மெரினோவை, அதாவது மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்திய மெரினோ செம்மறிக் கம்பளி நூலை; டிகே எனப்படும் நடுத்தரக் கனம். சில வருடங்களாக விடாமல் பின்னி, உடுத்தி, மெஷினில் துவைத்துப் பழகிய நூல் என்பதால் பதிலை விரிவாகவே எழுதுகிறேன்.

லேபிளில் இருப்பது இது: 50 கிராம் கண்டு, ஏறக்குறைய 115 மீட்டர், 4 மிமீ ஊசி, 10 செ.மீ.க்கு 22 கண்ணி (பின்னலின் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி). இதெல்லாம் பின்னுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். லேபிளில் இல்லாத ஒன்று இருக்கிறது. அந்த 22 கண்ணி துவைப்பதற்கு முன்பா, பின்பா? எந்த லேபிளிலும் நான் அதைப் பார்த்ததில்லை. இந்த நூலின் மேல் எனக்குள்ள கோபம் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான்.

சாதாரண கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், துணி சுருங்கிக் கெட்டியாகிவிடும். சூப்பர்வாஷ் முறையில் பெரும்பாலும் குளோரின் கொண்டு அந்தச் செதிலை மழுக்கி, மேலே மெல்லிய பாலிமர் பூச்சு கொடுக்கிறார்கள். மெஷினில் போட்டாலும் சுருங்காததற்குக் காரணம் அதுதான். ஆனால் சுருங்கவிடாமல் செய்த அதே வேலை, கண்ணிகள் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் பிடிமானத்தையும் எடுத்துவிடுகிறது. நனைந்ததும் ஸ்வெட்டரின் எடை ஏறுகிறது, கண்ணி வழுக்குகிறது, துணி இறங்குகிறது.

கணக்கில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மார்புச் சுற்று 100 செ.மீ. வேண்டுமென்று 220 கண்ணி ஏற்றுகிறோம். துவைத்தபின் 10 செ.மீ.க்கு 20 கண்ணியாகத் தளர்ந்தால் சுற்று 110 ஆகிவிடும். கை நீளம் 45 செ.மீ.க்கு 135 வரிசை பின்னுகிறோம். 10 செ.மீ.க்கு 30 வரிசை இருந்த இடத்தில் 27 என்றானால் கை 50 செ.மீ. மணிக்கட்டில் நிற்க வேண்டிய ரிப் (இழுபடும் வரிப் பின்னல் விளிம்பு) உள்ளங்கை வரை இறங்கிவிடும். இத்தனைக்கும் பின்னியவர் ஒரு கண்ணிகூடத் தப்பாகப் போட்டிருக்க மாட்டார்.

ஸ்வாட்ச், அதாவது அளவு பார்க்கும் மாதிரித் துண்டு, பின்னாமல் இந்த நூலைத் தொடவே கூடாது. பத்துக் கண்ணியில் சும்மா ஒரு துண்டு பின்னிப் பார்ப்பது போதாது. 40 கண்ணி ஏற்றி 15 செ.மீ. உயரம் பின்னுங்கள். முடிந்த ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே அதையும் துவையுங்கள். காய்ந்ததும் மேல் ஓரத்தைக் கொடியில் மாட்டி, கீழ் ஓரத்தில் நாலைந்து துணிக் கிளிப் போட்டு ஒரு இரவு தொங்கவிடுங்கள். முழு ஸ்வெட்டரின் கனத்துக்குப் பதிலாக அந்தக் கிளிப்புகள் இழுக்கும். மறுநாள் ஓரங்களை விட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து கண்ணியையும் வரிசையையும் எண்ணுங்கள். பேட்டர்ன் (பின்னல் குறிப்பு) கேட்கும் எண் இந்த அளவில் வர வேண்டும். வரவில்லையென்றால் 3.5 மிமீ ஊசிக்கு இறங்குங்கள். அதில் பின்னும்போது துணி கொஞ்சம் விறைப்பாகத் தெரியும், பயப்பட வேண்டாம், துவைத்தால் இளகிவிடும். துணி நெருக்கமாகும்போது நூலும் கூடுதலாகப் போகும், ஒரு கண்டு அதிகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டர்னைத் தேர்ந்தெடுப்பதிலும் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடலாம். கழுத்திலிருந்து கீழ்வரை தையலே இல்லாமல் வட்டமாகப் பின்னும் பேட்டர்ன்கள் பார்க்க அழகு, ஆனால் இந்த நூலில் அவற்றைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இருக்காது. முன், பின், கை என்று தனித்தனியாகப் பின்னித் தைக்கிற பழைய முறைதான் இதற்கு ஏற்றது. தோள் தையலும் பக்கத் தையலும் எலும்பு மாதிரி நிற்கும். தையலில்லாத பேட்டர்னைத்தான் பின்னுவேன் என்றால், பின்கழுத்தின் உட்பக்கம் குரோஷா ஊசியால் இறுக்கமாக ஒரு வரிசை போட்டுவிடுங்கள். அகலக் கழுத்து தோளை விட்டு வழிவதை அது தடுக்கும். உடல் முழுக்க கார்ட்டர் பின்னல் (எல்லா வரிசையும் நேர்க்கண்ணியிலேயே பின்னுவது) வேண்டவே வேண்டாம். அது எந்த நூலிலும் நீளவாக்கில் இழுபடும், இதில் சொல்லவே வேண்டியதில்லை. முழுக்க கேபிள் (கயிறு முறுக்கியது போன்ற பின்னல்) வைத்தால் நூலும் எடையும் கூடும், அந்த எடையே துணியைக் கீழே இழுக்கும். இரண்டு வண்ணத்தில் வட்டமாகப் பின்னி நடுவில் வெட்டித் திறக்கிற ஷெட்லாண்ட் வகை கார்டிகனுக்குச் செதிலுள்ள கம்பளியே சரி. இதை வெட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே மெஷின் தையல் போடாமல் கத்தரியை எடுக்காதீர்கள்.

கண்டு மாற்றும்போதும் இதே வழுக்கல்தான் குறுக்கே வரும். சாதாரண கம்பளியில் இரண்டு நுனியையும் பிரித்து, எச்சில் தொட்டு, உள்ளங்கையில் வைத்து உருட்டினால் ஒட்டிக்கொள்ளும். இதில் எவ்வளவு உருட்டினாலும் ஒட்டாது, இழுத்தால் கையோடு வந்துவிடும். நுனியை 15 செ.மீ. விட்டு, கண்ணி போகும் வழியிலேயே ஊசியால் ஏழெட்டுக் கண்ணி பின்தொடர்ந்து, திரும்பி இரண்டு கண்ணி கோத்து வெட்டுங்கள். குறுக்கே இழுத்துவிட்ட நுனி நாலாவது துவைப்பில் வெளியே எட்டிப் பார்க்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு முழ நூலைப் பிரித்து எத்தனை புரி (சேர்த்து முறுக்கிய இழை) என்று பாருங்கள். மூன்று நான்கு புரி இறுக்க முறுக்கியது என்றால் நல்லது. முறுக்குத் தளர்ந்த ஒற்றைப் புரி கடையில் பஞ்சு மாதிரி இருக்கும். அக்குளிலும் கைமடிப்பிலும் சீக்கிரமே உருண்டை தட்டிவிடும்.

இவ்வளவு குறை சொன்னாலும் நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குழந்தை உடுப்புக்கு இதைவிட நல்ல கம்பளியை நான் தொட்டதில்லை. மெரினோ இழை மெல்லியது, கழுத்தில் குத்தாது. பால் கக்கினாலும் சாறு கொட்டினாலும் 30 டிகிரியில் கம்பளிக்கான சுற்றில் போட்டு எடுத்துவிடலாம். சாயம் இதில் ஏறுகிற அழகு சாதாரண கம்பளியில் வருவதில்லை. மயில் நீலமும் மாம்பழ மஞ்சளும் உள்ளிருந்து ஒளி விடுவது போல நிற்கும். விதைப் பின்னலில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக எண்ணும்படி தெரியும். இரண்டு வயதுக் குழந்தையின் ஸ்வெட்டர் எடையே இல்லாதது, இறங்குவதும் குறைவு. அப்படியே இறங்கினாலும் குழந்தை வளர்ந்து அதற்குள் வந்துவிடும்.

லேபிளில் சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் டிரையரில் போடலாம் என்று அர்த்தம். குறைந்த சூட்டில் பத்து நிமிடம் சுற்றி, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே எடுத்துத் தரையில் துண்டு விரித்து அளவுக்குப் பரப்புங்கள். தளர்ந்த கண்ணி நன்றாகவே கூடிவரும். டிரையர் இல்லாத வீட்டில் துண்டில் சுருட்டிப் பிழிந்து பரப்புவதுதான் வழி. ஈரத்தோடு தோளைப் பிடித்துத் தூக்காதீர்கள், கொடியில் போடாதீர்கள்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டரைதான் தருவேன். மேலே புகழ்ந்ததற்கு இது பொருந்தாது என்று தெரியும். லேபிளில் 'துவைத்தபின் இத்தனை கண்ணி' என்று ஒரு வரி அச்சிட்டால் நாலரைக்கு ஏற்றிவிடுவேன். அந்த ஒரு வரி இல்லாததால் மாதக்கணக்கான உழைப்பு அளவு தவறிப் போவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தோழிக்கு: பன்னிரண்டு வேண்டாம், முதலில் ஒரு கண்டு வாங்கி ஸ்வாட்ச் துவைத்துப் பாருங்கள். தள்ளுபடி மூட்டையில் சாய லாட் எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியின் எண்) கலந்திருக்கலாம், பிறகு மொத்தமாக எடுக்கும்போது ஒவ்வொரு லேபிளையும் திருப்பிப் பாருங்கள். ஒரே எண் கிடைக்காவிட்டால் வெவ்வேறு எண்ணுள்ள இரண்டு கண்டையும் இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னுங்கள், நிற வேற்றுமை கோடாகத் தெரியாது.