சுவரா, தொலைபேசிக் கூண்டா?
கோத்தகிரியில் மழை நாளில் இரவு எட்டுக்கே தெரு அடங்கிவிடும். அந்த நேரத்தில் பார்க்க ‘தி வால்’, ‘போன் பூத்’ என்ற இரண்டு ஆங்கிலப் படங்களில் என் தேர்வு ‘தி வால்’ (2017) தான். ஈராக் வெயில், இடிந்த சுவர், அதன் பின்னால் காலில் குண்டு பாய்ந்த ஒரு ராணுவ வீரன். தண்ணீர் பாட்டிலும் துளைபட்டுவிட்டது. கூட வந்தவன் வெட்டவெளியில் விழுந்து கிடக்கிறான். சுட்டவன் எங்கே என்றே தெரியாது. ரேடியோவில் மட்டும் நிதானமாகப் பேச்சுக் கொடுக்கிறான். அந்தக் குரலைக் கேட்டு ஸ்வெட்டர் நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

‘போன் பூத்’ (2002) விறுவிறுப்பில் சளைத்ததில்லை. ஆனால் அதில் ஒருவன் தொலைபேசிக் கூண்டில் மாட்டிக்கொள்வது நியூயார்க் தெருவில். சுற்றிலும் கூட்டம், போலீஸ், கூச்சல். மாட்டிக்கொண்டவனைப் பார்க்கவாவது ஆள் இருக்கிறது. சுவருக்குப் பின்னால் இருப்பவனின் தனிமைதான் என்னை உலுக்கியது. அப்புறம், சின்னப் பிள்ளைகளோடு பார்க்க இரண்டுமே வேண்டாம்.